காட்டில் சத்தம் போடாமல் கிடந்த ராத்திரி

என் இடது கணுக்காலைச் சுற்றிக் கொலுசு போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பைக்கிலிருந்து விழுந்தால் காலைச் சுற்றி வட்டமாகத் தழும்பு எப்படி வரும் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. மதுரையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு அவர்களுடைய மோட்டார் எப்போது கிடைக்கும் என்பதுதான் கவலை. ஆனால் மாசி மாதம் பிறந்தால் ஊரிலிருந்து பங்காளிகள் போன் செய்ய ஆரம்பிப்பார்கள், அந்த இடம் அரிக்க ஆரம்பிக்கும். எனக்கு நடந்ததை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அன்றைக்குக் காட்டுக்குப் போயிருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் கொஞ்சம் புத்தியோடு போயிருப்பேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் கூடுவோம். ராத்திரி முழுக்க முழிப்பு, கிடா வெட்டு, பொங்கல். மறுநாள் பாரி வேட்டை. தாத்தா காலத்தில் ஊரே கம்பும் வலையும் நாயுமாகக் கிளம்பும், முயல் கொண்டுவந்து பங்கு போடும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னால் அதன் திருத்தங்களும் வந்தபிறகு முயலும் காட்டுப்பன்றியும் உடும்பும் எல்லாமே தொடக்கூடாத கணக்கில் சேர்ந்துவிட்டன. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபிறகு, முயல் அடித்து மாட்டினால்கூட மூன்று வருஷம் வரைக்கும் சிறை, இல்லையென்றால் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நான் போன 2024-இல் வனத்துறை ஜீப் சிவராத்திரிக்கு முந்தின நாளே ஊருக்குள் வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. சாவடிச் சுவரில் நோட்டீஸும் ஒட்டியிருந்தார்கள்.

2024 மார்ச் 8 வெள்ளிக்கிழமை சிவராத்திரி. ஒன்பதாம் தேதி சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். சித்தப்பா மகன் வந்து காதோரமாக, "அண்ணே, மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம், வாரீகளா?" என்றான். வேண்டாம் என்றேன். "மதுரைக்குப் போயி பயந்தாங்கொள்ளியாயிட்டீக" என்று சொல்லிச் சிரித்தான். அவ்வளவுதான். நாற்பத்தொரு வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அந்த ஒரு சிரிப்புக்கு எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினேன். மனைவிக்குப் போன் செய்து, "அசதியா இருக்கு, சித்தப்பா வீட்லயே படுத்துக்கிறேன், காலைல வாரேன்" என்று சொன்னேன். அந்த ராத்திரி நான் சொன்ன முதல் பொய் அது.

நாங்கள் ஏழு பேர், நாலு நாய்கள். வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலையின் தெற்குச் சரிவு மாந்தோப்புகளில் வந்து முடியும். அதற்கு மேலே காப்புக்காடு. நான் போட்டிருந்தது கறுப்பு டீ-சர்ட், லுங்கி, தேய்ந்த ரப்பர் செருப்பு. கறுப்பு போடச் சொன்னதே அவர்கள்தான், வனத்துறைக்காரர்கள் கண்ணில் படக்கூடாதே. தலையில் நெத்தி லைட். தண்ணீர் கிடையாது, "ரெண்டு மணி நேரத்துல திரும்பிருவோம்" என்ற கணக்கு. போனில் பாதிக்கும் குறைவாகத்தான் சார்ஜ். அதையும் சைலண்டில் போடச் சொன்னார்கள், போட்டேன். காட்டுக்குப் போகிற ஒருவன் என்னென்ன செய்யக்கூடாதோ அத்தனையையும் வரிசையாகச் செய்தேன். அதில் பாதி அறியாமை, மீதி ஒளிந்து போகிறோம் என்பதால் வந்தது.

சிவராத்திரிக்கு மறுநாள் என்றால் அமாவாசைக்கு ஒட்டின ராத்திரி. நிலா என்ற பேச்சே இல்லை. நெத்தி லைட் பத்தடி தூரத்தைப் பளிச்சென்று காட்டும். அதற்கு அப்பால் எல்லாவற்றையும் இன்னும் இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தையே பார்த்துப் பழகின கண்ணுக்கு இருட்டு பழக இருபது நிமிஷமாவது ஆகும் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். பதினொரு மணி இருக்கும், நாய்கள் எதையோ விரட்டிக்கொண்டு ஓடின, ஆட்கள் பின்னால் ஓடினார்கள். என் செருப்பு வார் பிய்ந்தது. குனிந்து வாரைச் செருகிவிட்டு நிமிர்ந்தால் யாரும் இல்லை. நாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. மலைச்சரிவில் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும். இடப்பக்கம் குரைக்கிற நாய் வலப்பக்கம் குரைப்பதாகத் தோன்றும். நான் வலப்பக்கம் போனேன். வறண்ட ஓடை ஒன்று இறங்கியது, ஓடை எப்படியும் கீழேதானே போகும் என்று அதிலேயே நடந்தேன். சிறுமலைச் சரிவில் அப்படி எத்தனையோ ஓடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்ப்பக்கம் இறங்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

துணைக்கு வந்தவர்களைத் தவறவிட்டது தெரிந்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தேடுகிறவர்கள் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிப்பார்கள். நாம் நடக்க நடக்க அவர்கள் தேட வேண்டிய பரப்பு பெருகிக்கொண்டே போகும். கழுத்தில் ஒரு விசில் கிடந்தால் போதும். மூன்று மூன்றாக ஊதிக்கொண்டிருந்தால் தொண்டை வறளாமல் ராத்திரி முழுக்கக் கூப்பிடலாம். பத்து இருபது ரூபாய்ப் பொருள். நான் நடந்தேன்.

ஓடைக் கரையில் புதருக்கு நடுவே, பன்றி போய்வந்து தரை வழுவழுப்பாக இருந்த ஒரு சந்து. கரையேறலாம் என்று அதற்குள் காலை வைத்தேன். யாரோ கணுக்காலைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, குப்புற விழுந்தேன். பாம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். லைட் அடித்துப் பார்த்தால் பைக் கிளட்ச் வயர். சுருக்குப் போட்டு ஒரு முனையை மரத்தடியில் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வைத்ததில்லை, வேறு எவனோ பன்றிக்கு வைத்தது. அங்கே நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாள் முழுக்கக் கம்பியோடு பிழைப்பு நடத்துகிறவன் நான், கம்பிச் சுருக்கை இழுத்தால் இறுகும் என்று எனக்குத் தெரியாதா? பயத்தில் கன்றுக்குட்டி மாதிரி இழுத்தேன். பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, கம்பி தோலைத் தாண்டிச் சதைக்குள் போனபிறகுதான் நின்றேன்.

சுருக்கில் மாட்டினால் விலகி ஓடக்கூடாது, கம்பி கட்டியிருக்கிற மரத்தை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் கம்பி தளரும். தளர்ந்தபிறகு கண்ணி வழியாகக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினால் சுருக்கு விரியும். கிளட்ச் வயர் பல இழை முறுக்கினது, மடிந்த இடத்தில் பிரிந்து ஊசி மாதிரி நிற்கும். அதனால் விரலில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டிங் பிளேயர் இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். என் கடையில் எட்டோ பத்தோ கிடக்கிறது. இது போக, தரையில் நூல் சுற்றின உருண்டையோ கறித்துண்டு மாதிரி பொட்டலமோ கிடந்தால் கையாலும் காலாலும் தொடாதீர்கள். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயாக இருக்கலாம், கடித்தாலோ அழுத்தினாலோ வெடிக்கும். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டால் வாய் கிழிந்து செத்த நாய்களின் கதையைச் சொல்வார்கள்.

விழுந்ததில் சட்டைப் பையிலிருந்த போன் எங்கோ சருகுக்குள் போய்விட்டது. மார்ச் மாதக் காடு, முழங்கால் அளவுக்குச் சருகு. போன் சைலண்டில். பங்காளிகள் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், மறுநாள் அவர்கள் போனில் காட்டினார்கள். பத்தடிக்குள் எங்கோ என் போன் பதினொரு தடவை சத்தமில்லாமல் மினுக்கியிருக்கிறது, குப்புறக் கிடந்ததால் அந்த வெளிச்சமும் தெரியவில்லை. அங்கே சிக்னல் இருந்திருக்கிறது என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு எந்த கம்பெனியின் டவர் எட்டினாலும் அவசர உதவி எண் 112-க்கு அழைப்பு போகும். ஆனால் கையில் போன் இருக்க வேண்டுமே. இப்போதெல்லாம் வயல் பக்கம் மோட்டார் இறக்கப் போனால்கூட ஒரு நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். மனைவி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். சுருக்கைப் பாதி தளர்த்தியிருந்தபோது மேலே மேட்டில் இரண்டு லைட் தெரிந்தது. ஆட்கள் பேசுகிற சத்தமும் கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் லைட்டை அணைத்தேன். காலில் ரத்தம் ஒழுகுகிறது, தொண்டை வறண்டு கிடக்கிறது, உதவி நூறு அடியில் நடந்து போகிறது, நான் புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். வனத்துறை என்று பயம். பிடித்தால் கேஸ், ஊரில் மானம் போகும், பேப்பரில் போட்டோ வரும், மகள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வாள் என்று என்னென்னவோ ஓடியது. லைட் கடந்து போய்விட்டது. மறுநாள்தான் தெரியும், அது என் சித்தப்பா மகனும் இன்னொரு பங்காளியும். என்னைத்தான் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஃபாரஸ்ட்காரங்க கேட்டுருவாங்கன்னுதான்ணே" என்றான். ஏழு பேர் ஒருத்தனைத் தொலைத்துவிட்டு, கிசுகிசு குரலில் தேடியிருக்கிறார்கள்.

சிறுத்தை, பாம்பு, காட்டுமாடு என்று காட்டைப் பற்றி எவ்வளவோ பயமுறுத்துவார்கள். திருட்டுத்தனமாகப் போகிறவனுக்கு ஆபத்தே வேறு. அவனால் சத்தம் போட முடியாது, லைட் அடிக்க முடியாது, பளிச்சென்று சட்டை போட முடியாது, போகிற இடத்தை வீட்டில் சொல்ல முடியாது, 112-க்கு அடிக்க மனசு வராது. அமெரிக்காவில் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டை சீசனில் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை போட்டால்தான் வேட்டைக்கு விடுவார்கள், இன்னொருத்தன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. மானுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. இங்கே நாங்கள் கறுப்புச் சட்டையில் புதருக்குள் தவழ்ந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு ஒன்றரை மணி வாக்கில் தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. நாட்டுத் துப்பாக்கியோ அவுட்டுக்காயோ, தெரியாது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவன் அசைகிற புதரைப் பார்த்துத்தான் சுடுவான். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாலு காலில் கிடந்த நான் பன்றி மாதிரிதான் தெரிந்திருப்பேன்.

ஒருவழியாகச் சுருக்கு கழன்றது. தோளில் கிடந்த துண்டைக் காலில் சுற்றி அழுத்திக் கட்டினேன். லைட் மங்கிக்கொண்டே வந்து இரண்டரை மணிக்கு நின்றுவிட்டது. ஒரு செருப்பையும் காணோம். உட்கார்ந்தால் மயங்கிவிடுவேனோ என்ற பயத்தில் மெல்ல இறங்கினேன். அதுவும் தப்புதான். கொஞ்ச தூரத்தில் மாட்டுக் கொட்டகை வாசம் அடித்தது. தோப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து ஒரு பெருமூச்சு, கொட்டகை மாடு அப்படி மூச்சு விடாது. சிறுமலையில் காட்டுமாடு அதிகம், வெயில் காலத்தில் தண்ணீருக்கும் தோப்புக்கும் கீழே இறங்கும். பெரிய காளை ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும். அப்படியே நின்றுவிட்டேன். தைரியம் ஒன்றும் இல்லை, கால் வரவில்லை. நின்றதுதான் சரி என்று பிற்பாடு ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் சொன்னார்: அது நம்மைப் பார்த்துவிட்டால் ஓடக்கூடாது, கையை ஆட்டிக் கத்தக்கூடாது, அது போகிற வழியை மறிக்காமல் மெதுவாகப் பின்வாங்கி மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் போக வேண்டும். தனியாகத் திரிகிற காளையிடமும் கன்றோடு இருக்கிற பசுவிடமும் இன்னும் எட்டவே நிற்க வேண்டும். கருப்பாக ஒன்று என் முன்னால் ஓடையைத் தாண்டிச் சாவகாசமாகப் போனது. கல் உருளுகிற சத்தம் நின்று வெகுநேரம் கழித்துதான் நான் மூச்சு விட்டேன்.

பக்கத்தில் ஒரு பாறை, அதன்மேல் ஏறிக் காலை மடித்து உட்கார்ந்தேன். சருகுக்குள் கால் வைக்க இனி மனசு இல்லை. இந்த மாதிரி வறண்ட கல்லுக்காட்டில் சுருட்டை விரியன் இருக்கும், அளவில் சின்னது, சருகு நிறத்திலேயே கிடக்கும், மிதித்தபிறகுதான் தெரியும். ராத்திரி காலில் ஏதாவது கடித்தால் அறுக்காதீர்கள், வாய் வைத்து உறியாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நேரம்தான் உயிர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் எந்தப் பாம்பு என்று தேடிப் பிடித்து அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தூக்கிக்கொண்டு போக எனக்கு யார் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

லுங்கி மடிப்பில் லைட்டர் இருந்தது. தீ மூட்டினால் குளிரும் போகும், ஆளும் வருவார்கள் என்று தோன்றியது. கையில் எடுத்தும்விட்டேன். அப்போது குரங்கணி நினைவுக்கு வந்தது. 2018 மார்ச் 11, இதே மாதம், தேனிப் பக்கம் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் செத்துப்போனார்கள். காய்ந்த புல்லும் சருகும் இருக்கிற சரிவில் தீ மேட்டை நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. லைட்டரைத் திரும்ப முடிந்து வைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

குரங்கணிக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன, அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்று. 2024 அக்டோபரில் அரசே நாற்பது பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பணம் கட்டினால் வழிகாட்டியோடு அனுப்புகிற திட்டத்தைத் தொடங்கியது. எதற்கெடுத்தாலும் பர்மிஷனா என்று நானும் அலுத்துக்கொண்டவன்தான். பாறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த அனுமதி விதியின் அர்த்தம் வேறு மாதிரி புரிந்தது. செக்போஸ்ட் நோட்டில் நம் பெயர் இருக்கிறது என்றால், சாயங்காலம் நாம் இறங்கவில்லை என்று கவலைப்பட ஒரு ஆள் இருக்கிறார் என்று பொருள். என் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. வீட்டைப் பொறுத்தவரை நான் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்குக் கீழே ஒரு விளக்கு தெரிந்தது, பம்புசெட் கொட்டகை. இறங்கினேன். தோப்பு ஓரம் வந்து ஒரு அடி வைத்தால் உள்ளே. அந்த இருட்டிலும் ஏதோ உறுத்தியது. முழங்காலுக்குக் கீழே ஒற்றைக் கம்பி ஓடியது, குச்சி குச்சியாக நட்டு அதில் கட்டியிருந்தது. குச்சியில் கம்பி படுகிற இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. சும்மா வேலிக்கு எதற்கு ரப்பர்? கரண்ட் கசியாமல் இருக்கத்தான். பம்புசெட்டிலிருந்து நேராகக் கொக்கி போட்ட லைன். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இல்லாவிட்டால் நான் அதைத் தாண்டத்தான் காலைத் தூக்கியிருப்பேன். வெறுங்கால், ரத்தமும் ஈரமுமாக.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சோலார் வேலியில் வோல்டேஜ் அதிகம், ஆனால் நொடிக்கு ஒரு தட்டு மாதிரி, கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரம்தான் வரும். அடித்துத் தள்ளும், விட்டுவிடும். வீட்டு லைன் 230 வோல்ட் அப்படி இல்லை, நிற்காமல் வரும், தசையை இறுக்கிப் பிடித்துவிடும், தொட்டவன் நினைத்தாலும் விடமுடியாது. காய்ந்த தோலைவிட ஈரமான தோலிலும் புண்ணிலும் கரண்ட் சுலபமாக ஏறும். மலையடிவாரத் தோப்பு, கரும்பு, நிலக்கடலை வயல் பக்கம் ராத்திரி போகிறவர்கள் தாழ்வாக ஒற்றைக் கம்பியைக் கண்டால் தாண்டாதீர்கள், குனிந்து நுழையாதீர்கள், வந்த வழியே திரும்பிப் பாதை தேடுங்கள். யாராவது மாட்டிக் கிடந்தால் தூக்க ஓடாதீர்கள். முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் நன்றாகக் காய்ந்த கம்பால் தள்ள வேண்டும். ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆள் சாவது நம் பக்கத்தில் புதிதில்லை.

கம்பிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து விடியட்டும் என்று காத்திருந்தேன். ஆறு மணிக்குமேல் தோப்புக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. முதலில் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார், அப்புறம்தான் என்னிடம் வந்தார். "தம்பி, கம்பியத் தொட்டீகளா?" என்றார். இல்லை என்றேன். தண்ணீர் கொடுத்தார். நான் எங்கிருந்து வந்தேன் என்று அவர் கேட்கவில்லை, கம்பி எதற்கு என்று நான் கேட்கவில்லை. 108-க்கு அடிக்கலாமா என்றேன். "வேணாம் தம்பி, நான் வண்டியில கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார். டிவிஎஸ்ஸில் மெயின்ரோடு வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவரும் வாயைத் திறக்க முடியாதவர்.

இரண்டாவது பொய் கிளினிக்கில். பைக் செயினில் கால் மாட்டிவிட்டது என்றேன். கழுவி, ஐந்தாறு தையல் போட்டு, டிடி ஊசியும் போட்டு அனுப்பினார்கள். உள்ளே துருவும் சருகு மண்ணும் போயிருக்கும் என்றோ, ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த புண் என்றோ நான் சொல்லவே இல்லை. டாக்டர் மேல் குற்றமில்லை, நான் சொன்ன பொய்க்கு அவர் வைத்தியம் பார்த்தார். நாலாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் காய்ச்சல் வந்தது. வேறொரு மருத்துவமனையில் தையலைப் பிரித்து, சீழெடுத்து, ஆறு நாள் படுக்க வைத்தார்கள். எதில் பட்டது, எப்போது பட்டது, எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காயத்தை மூடித் தைப்பதா, திறந்து விடுவதா என்பதையே அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று இரண்டாவது டாக்டர் திட்டிக்கொண்டே சொன்னார்.

அந்தப் படுக்கையில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எங்கன்னு போயித் தேடியிருப்பேன்? திண்ணையிலயா?" என்று மட்டும் கேட்டாள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வைத்தியத்துக்கும் சேர்த்து 41,000. போன் 13,500, இரண்டு தடவை போய்த் தேடச் சொல்லியும் கிடைக்கவில்லை. கடை 23 நாள் பூட்டிக் கிடந்தது. மார்ச், ஏப்ரல்தான் கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் புகைகிற காலம், எங்களுக்கு அதுதான் சீசன். குறைத்துப் போட்டாலும் 35,000 போச்சு. அந்த ராத்திரி கீழே இறங்கும்போது பங்காளிகளில் இரண்டு பேர் வலையோடு வனத்துறையிடம் மாட்டினார்கள், அவர்கள் கட்டின அபராதத்தில் என் பங்கு 10,000. மொத்தம் 99,500, ஒரு லட்சத்துக்கு ஐநூறு குறைச்சல். நான் முயலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஓடையில் அதே மாதிரி சுருக்கு இன்னும் இருக்கும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. விறகுக்குப் போகிற பொம்பளைகள், ஆட்டோடு போகிற பையன்கள் நடக்கிற இடம். சொன்னால் நான் அங்கே ஏன் போனேன் என்று கேட்பார்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு நாள், கேஸ் போட்டால் போடட்டும் என்று வனச்சரக அலுவலகத்துக்குப் போய், ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தப் பாறைக்குக் கீழே என்று ஒரு பேப்பரில் வரைந்து கொடுத்தேன். நாலு நாள் கழித்து வனக்காவலர் போன் செய்தார், ஏழு சுருக்கு எடுத்தோம், வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று. போனேன். மேஜையில் கம்பிச் சுருள்கள் கிடந்தன. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவு சரியா உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார். பேண்ட்டைத் தூக்கிக் காலைக் காட்டினேன்.